ஆச்சியின்ர 31: குடும்பக் குழுவில நடந்த கதை

4 செப்டெம்பர் 2021, சனி

ராஜி மாமி: எல்லாருக்கும் வணக்கம். செவ்வாய்க்கிழமை அம்மான்ர 31, மோசம்போன 31ஆம் நாள் கிரியை. இந்தக் கொரோனா நிலைமையில கீரிமலைக் கடற்கரைக்குப் போக வேண்டாம் எண்டு குருக்கள் சொல்லிட்டார். வீட்டிலதான் செய்யிறது. வீட்டாக்களும் பக்கத்து வளவும் மட்டும். இன்னும் சீனியும் பால்மாவும் வரேல்ல.

சுதா அக்கா: கடை வைச்சிருக்கிற வீட்டில சீனி இல்லையோ மாமி 😀

ராஜி மாமி: அதைத்தான் சொல்ல வந்தனான் பிள்ளை

கண்ணன் சித்தப்பா: குமார் அத்தான்ர கடையைச் சீல் வைச்சிட்டாங்களாமே? இஞ்ச வெளிநாட்டில ஒராள் முகநூலில பாத்திட்டு என்னட்டைக் கேக்கிறார். கொடிகாமத்தில பதுக்கல் வியாபாரி பிடிபட்டாராம் எண்டு படத்தோட போட்டிருக்காம்

தர்சன்: பதுக்கல் மன்னன் குமார் மாமா வாழ்க

ராஜி மாமி: தர்சன் இது பகிடி விடுற நேரமில்லை

தர்சன்: சரி மாமி

பவி: சீலும் இல்லை ஒண்டும் இல்லை. இப்பதான் கடையடியால வந்தனான். அந்தப் படம் வேற எங்கயோ எடுத்தது. எங்கட கடைக்கு நீலக் கதவா?

குமார் மாமா: 🎤 குரல் பதிவு 4:37

சுதா அக்கா: மாமா நான் வேலையில நிக்கிறன், எழுதுங்கோ

குமார் மாமா: 🎤 குரல் பதிவு 2:10

பவி: சரி நான் எழுதுறன். நேற்று சீனி சோதிக்க அரசாங்க ஆக்கள் வந்தவை. பின்னறையில ஆறு மூட்டை சீனி இருந்தது, ஒவ்வொண்டும் 50 கிலோ. எண்ணி எழுதினவை. பிறகு அரிசி மூட்டைக்கும் குத்தூசியால குத்தி உள்ளங்கையில விட்டுப் பாத்தவை, அடியில சீனி ஒளிச்சு வைச்சிருக்கோ எண்டு. மாமா பில்லை எடுத்துக் காட்டினவர். ஓகஸ்ட் கடைசியில மொத்தக்கடையில கிலோ 200க்கு வேண்டினது. அது எங்களுக்குத் தேவையில்லை, கட்டுப்பாட்டு விலை 122க்கு இப்பவே எங்கட கண் முன்னால வில் எண்டு சொன்னவை. ரோட்டில போன சனமெல்லாம் வரிசையில வந்திட்டுது. மூண்டு மூட்டை அப்பிடியே போச்சு. மிச்சம் மூண்டும் எழுதின கணக்கில நிக்குது, தொடக்கூடாதாம்.

சுதா அக்கா: ஐயோ

தர்சன்: கிலோவுக்கு 78 நட்டம். 150 கிலோ. 11,700 ரூபா

ராஜி மாமி: அந்த மூண்டு மூட்டையில ஒரு கிலோ எடுக்கவும் இந்த மனுசன் பயப்பிடுது. சொந்த மாமியாற்ற 31க்கு

குமார் மாமா: எழுதின கணக்கு குறைஞ்சால் நீ வந்து பதில் சொல்லுவியோ

கண்ணன் சித்தப்பா: பயப்பிடுறவர் ஆறு மூட்டை ஏன் வைச்சிருந்தவர்?

குமார் மாமா: கடைக்காரன் சீனியைக் கடையில வைக்காமல் கோயில்லயா வைக்கிறது

பெரியப்பா: பிள்ளையள், எல்லாரும் ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ. நான் 31 வருசம் கூட்டுறவுச் சங்கத்தில இருந்தவன், சீனி என்னட்டைப் பகிடி விடேலாது.
முதலாவது விசயம். போன வருசம் ஒக்டோபரில சீனிக்கு இருந்த இறக்குமதி வரி கிலோவுக்கு 50 ரூபா. அதை 25 சதமாக் குறைச்சது அரசாங்கம். 50 ரூபா எங்க, 25 சதம் எங்க. கடையில விலை குறையோணும். குறையேல்ல. 1,590 கோடி ரூபா வரி இழப்பு எண்டு நிதி அமைச்சே பாராளுமன்றக் குழுவுக்குச் சொல்லியிருக்கு. அந்தக் காசு கொழும்பில பெரிய இறக்குமதிக்காரர் கொஞ்சப் பேரிட்டைப் போனது. கொடிகாமத்துக்கு அதில 25 சதமும் வரேல்ல.

சுதா அக்கா: ம்

பெரியப்பா: இரண்டாவது. 2019 முடிவில நாட்டின்ர கையிருப்பு 760 கோடி டொலர். இந்த ஜூலை முடிய 280 கோடி. டொலரை 203 ரூபாவில கட்டி வைச்சிருக்கினம். அந்த விலைக்கு வங்கியில போய்க் கேட்டால் டொலர் இல்லை. டொலர் இல்லாட்டி எல்.சி., அதுதான் இறக்குமதிக்கு வங்கி குடுக்கிற கடன் கடிதம், திறக்கேலாது. எல்.சி. இல்லாட்டி சாமான் வராது. வந்த கொள்கலனும் காசு கட்டாமல் துறைமுகத்தில கிடக்குது. பால்மாக்காரர் விலை ஏத்தக் கேட்டவை, விடேல்ல, அவை கொண்டுவாறதைக் குறைச்சிட்டினம். இதில குமார் எங்க வாறான்?

தர்சன்: அப்பா மூண்டாவதும் இருக்கோ

பெரியப்பா: இருக்கு. 30ஆம் திகதி அவசரகாலம். 1947ஆம் ஆண்டுப் பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்திருக்கினம். நாட்டில தட்டுப்பாடே இல்லை, வியாபாரிதான் ஒளிக்கிறான் எண்டு அறிக்கை. அத்தியாவசிய சேவை ஆணையாளர் நாயகமா ஒரு மேஜர் ஜெனரல். மேஜர் ஜெனரலுக்கு டொலர் அச்சடிக்கத் தெரிஞ்சால் நல்லது.

பவி: பெரியப்பா குழுவில கவனம்

பெரியப்பா: எனக்கு 74 வயது. என்னைப் பிடிச்சு என்ன செய்யப் போறாங்கள்

கண்ணன் சித்தப்பா: அண்ணை நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் களஞ்சியங்களில ஆயிரக்கணக்கான தொன் சீனி பிடிச்சவங்கள்தானே, ரீவியில காட்டினவங்கள். வியாபாரி எண்டால் எப்பவும் அப்பிடித்தான். எங்களுக்குத் தெரியாதே

ராஜி மாமி: கண்ணன் வேண்டாம்

கண்ணன் சித்தப்பா: யுத்தகாலப் பொருளாதாரத் தடை நேரம் ஒரு சவுக்காரக் கட்டிக்கு அத்தான்ர ஐயா என்ன விலை வேண்டினவர் எண்டு அம்மா சாகும்வரைக்கும் சொன்னவ. சம்பந்தம் பேசி முடிச்ச பிறகும் அரைச்சதம் குறைக்கேல்ல

தர்சன்: வந்திட்டுது சவுக்காரக் கதை

சுதா அக்கா: 🙈

குமார் மாமா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

சுதா அக்கா: என்ன எழுதினீங்கள் மாமா

குமார் மாமா: அந்தச் சவுக்காரம் கிளாலிக் கடலால வந்தது. ஐயா வள்ளத்தில இரவு இரவாய்க் கொண்டுவந்தவர். நேவி சுட்டால் சவுக்காரக் கட்டிக்கு விலை கேட்டிருப்பானோ? அதுக்கு விலை போட்டது ஐயா இல்லை

கண்ணன் சித்தப்பா: சனம் பனங்காய்ப் பழத்தில உடுப்புத் தோய்ச்சது தெரியும்தானே

குமார் மாமா: தெரியும். எங்கட அம்மாவும் தோய்ச்சவதான்

பெரியப்பா: பழசைக் கிண்டாதேங்கோ. ஆனால் கதை வந்தபடியாச் சொல்லுறன். சிறிமாவோ காலத்தில, 70இலயிருந்து 77 மட்டும், அரிசி கொண்டு திரியத் தடை. பஸ்ஸை மறிச்சுப் பையைத் துழாவுவாங்கள். அப்பவும் பதுக்கல்காரன்தான் குற்றவாளி. பாணுக்கு வரிசை. ஆனால் மிளகாயும் வெங்காயமும் வெளியில இருந்து வராமல் நிப்பாட்டினபடியா எங்கட தோட்டக்காரருக்கு நல்ல காலம்.

ராஜி மாமி: எங்கட கல்வீடே அந்த வெங்காயத்தில கட்டினதுதானே

குமார் மாமா: அண்ணை ஒரு கேள்வி. உங்கட அப்பா வெங்காயத்தைப் பிடி கட்டி மால் கொட்டிலுக்குள்ள தூக்கி வைச்சு, விலை ஏறட்டும் எண்டு இருந்துதானே வித்தவர்? அது பதுக்கல் இல்லையோ?

தர்சன்: 🔥

சுதா அக்கா: கண்ணன் சித்தப்பா எழுதிக்கொண்டிருக்கிறார் எண்டு காட்டுது... நிப்பாட்டிட்டார்... திருப்பியும்

கண்ணன் சித்தப்பா: அப்பா விதை வெங்காயம் வைச்சவர்

குமார் மாமா: ஓமோம்

பெரியப்பா: கொஞ்சம் விதை, கொஞ்சம் விலைக்கு. உண்மையைச் சொல்லோணும்

பவி: நான் நடுவில குறுக்கிடுறதுக்கு மன்னிக்கோணும். கல்வெட்டுக்கு, ஆச்சியின்ர நினைவுப் புத்தகத்துக்கு, முன் அட்டைப் படம் எது? அச்சகக்காரன் பூட்டினாலும் வீட்டில இருந்து வடிவமைப்பம் எண்டவர்

சுதா அக்கா: பச்சைச் சீலைப் படம்

ராஜி மாமி: அதில அம்மா கண் மூடியிருக்கிறா

கண்ணன் சித்தப்பா: பவி அனுப்பின பிரதியில வம்சாவளிப் பக்கம் பாத்தனான். என்ர மனிசியின்ர பேர் இல்லை

பவி: சித்தப்பா அது பெரியப்பா தந்த பட்டியல்

பெரியப்பா: தட்டச்சுப் பிழை

தர்சன்: 18 வருசமாத் தட்டச்சுப் பிழை 😬

ராஜி மாமி: தர்சன்!!

கண்ணன் சித்தப்பா: பரவாயில்லை. நான் செலவுக்குக் காசு போட்டிட்டன் எண்டு மட்டும் தெரிஞ்சால் சரி. திங்கள் காலமை கையில வரும்

பெரியப்பா: கையில எண்டால்? வங்கியாலயோ?

கண்ணன் சித்தப்பா: உண்டியல். வங்கிக்கு வெளியால ஆக்கள் கொண்டுவந்து கையில தாறது

பெரியப்பா: ஏன்?

கண்ணன் சித்தப்பா: டொலருக்கு 20, 25 ரூபா கூடத் தாறாங்கள் அண்ணை. வங்கியில போட்டு ஏன் நட்டப்படுவான்

குமார் மாமா: 200க்கு வேண்டினதை 122க்கு விக்க மாட்டன் எண்டு நான் சொன்னால் கள்ளன். டொலரை 203க்குக் குடுக்க மாட்டன் எண்டு அவர் சொன்னால் கெட்டிக்காரன்

ராஜி மாமி: நீங்களும் போதும்

பெரியப்பா: இல்லை ராஜி, குமார் சொன்னதில விசயம் இருக்கு. உண்டியலால போற டொலர் வங்கிக்கு வராது. வங்கிக்கு வராட்டிச் சீனிக்கு எல்.சி. இல்லை. ஆனால் 203 எண்டு கட்டி வைச்சால் எந்தப் பிள்ளை வங்கிக்குப் போகும்? நானும் கண்ணன்ர இடத்தில நிண்டால்

தர்சன்: அப்பா முடியுங்கோ

பெரியப்பா: சரி

சுதா அக்கா: அப்ப சீனி?

ராஜி மாமி: சீனி போட்ட அரியதரப் பலகாரம் இல்லாமல் படைக்கேலாது. அம்மாவுக்கு வேற ஒண்டும் வாயில போகாது

பவி: சங்கக்கடையில கட்டுப்பாட்டு விலைக்குக் குடுக்கினமாம், ஆளுக்கு ஒரு கிலோ. நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் விடிய நிக்கிறம்

சுதா அக்கா: பாயாசத்துக்குச் சர்க்கரை போடுங்கோ. தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடிக்கலாம்

ராஜி மாமி: குருக்களுக்குமோ?

தர்சன்: குருக்களுக்குச் சீனி வருத்தம் மாமி, அவருக்குப் பிரச்சினை இல்லை

குமார் மாமா: கடைச் சீனியை ஒருத்தரும் தொட வேண்டாம். சொல்லிப்போட்டன்

12 ஒக்டோபர் 2021, செவ்வாய்

பெரியப்பா: எல்லாரும் பாத்திருப்பியள். வியாழக்கிழமை அமைச்சரவை கூடி பால்மா, கோதுமை மா, காஸ், சீமெந்து நாலுக்கும் கட்டுப்பாட்டு விலையை எடுத்திட்டுது. அரிசிக்குப் போன மாசக் கடைசியிலயே எடுத்தாச்சு. நாட்டரிசி கிலோ 98 ரூபா எண்டு வர்த்தமானி போட்டவை, பிறகு ஆலைக்காரர் தாங்களே 115 எண்டு சொல்லிச்சினம், அரசாங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. பால்மா ஒரு கிலோ 945இலிருந்து 1,195. காஸ் 12.5 கிலோ இருந்தது 1,493. இப்ப 2,750 எண்டு அறிவிச்சு, பிறகு 75 ரூபா குறைச்சு 2,675 எண்டவை. அந்த 75ஐ ஒரு சலுகை மாதிரி வாசிச்சவங்கள் செய்தியில.

சுதா அக்கா: அப்ப பதுக்கினவை ஆர் பெரியப்பா

பெரியப்பா: அதை இப்ப ஒருத்தரும் கதைக்கேல்ல

பவி: விலை ஏறினவுடன பால்மா வந்திட்டுதோ மாமா?

குமார் மாமா: பத்துப் பக்கெட் வந்தது. பத்து நிமிசம். ஆளுக்கு ஒண்டு, பிள்ளை இருக்கிற வீட்டுக்கு முதல். அதுக்கும் ஏச்சு

ராஜி மாமி: எடுத்து வைச்சிட்டுத் தெரிஞ்சாக்களுக்குத்தான் குடுக்கிறார் எண்டு சந்தியில கதையாம்

கண்ணன் சித்தப்பா: உண்மையோ

ராஜி மாமி: சின்னவளின்ர பிள்ளைக்கு ஒண்டு வைச்சவர்

கண்ணன் சித்தப்பா: 😏

குமார் மாமா: பேரப்பிள்ளைக்கு வைக்காமல்?

சுதா அக்கா: சீனி?

குமார் மாமா: சீனிக்கு விலைக்கட்டுப்பாடு இன்னும் இருக்கு. அதால நான் சீனி விக்கிறேல்ல. மொத்தக்கடையில பில் 122க்கு எழுதி மிச்சத்தைக் கையில தா எண்டு கேக்கிறாங்கள். பிடிபட்டால் நான்தான். தண்டம் இப்ப ஒரு லட்சத்தில இருந்து 5 லட்சம் மட்டும். செப்டெம்பரில சட்டத்தைத் திருத்திட்டினம். முதல் ஆயிரத்தில தொடங்கினது

தர்சன்: அந்த மூண்டு மூட்டை?

குமார் மாமா: ஒருத்தரும் திருப்பி வரேல்ல. பின்னறையில நிக்குது

பெரியப்பா: எழுதிக் குடுத்து அனுமதி கேள் குமார். நான் ஒரு கடிதம் எழுதித் தாறன், மூண்டு மொழியிலயும்

குமார் மாமா: வேண்டாம் அண்ணை. கேட்டால் ஞாபகம் வந்திடும்

தர்சன்: 😂😂

ராஜி மாமி: எறும்பு மொய்க்குது. ஒவ்வொரு நாளும் மஞ்சள் தூள் போட்டுக் கூட்டுறது நான்

பவி: அச்சகம் திறந்திட்டுது. கல்வெட்டுக்கு முற்பணம் கேக்கிறான், பேப்பர் விலை ஏறுதாம், இந்தக் கிழமைக்குள்ள சொன்னால் பழைய விலை

கண்ணன் சித்தப்பா: பேர் சேத்தாச்சோ

பவி: சேத்தாச்சு சித்தப்பா. பெரியப்பாவே எழுதித் தந்தவர்

பெரியப்பா: 🙏

கண்ணன் சித்தப்பா: அப்ப எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, பாப்பம்

ராஜி மாமி: வங்கியால அனுப்பு

கண்ணன் சித்தப்பா: பாப்பம் எண்டனே அக்கா

பவி: எத்தினை பிரதி எண்டு முதல் ஒருத்தர் சொல்லுங்கோ

சுதா அக்கா: 100 காணும்

பெரியப்பா: 300. ஊராக்கள் கேப்பினம்

ராஜி மாமி: 150க்கு மேல வேண்டாம், மிச்சம் என்ர அலுமாரியிலதான் கிடக்கும்

குமார் மாமா: 👍

பவி: மாமா எதுக்கு 👍? 100க்கோ 150க்கோ?

தர்சன்: மாமா கடைசியா 7:42க்குப் பாத்தவர்