மறு: தெர்மோஸ்டாட், கூலன்ட் – சூட்டுமதகு, சூடுவாங்கி சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் பராமரிப்புக் கையேட்டில் இஞ்சின் சூட்டைப் பற்றிய பகுதிக்கு வந்து நிற்கிறோம். தெர்மோஸ்டாட் மாற்றுவதும், இஞ்சினுக்குள் ஓடிச் சூட்டை எடுத்துச் செல்லும் திரவமான கூலன்ட் மாற்றுவதும் பெரும்பாலும் ஒரே வேலையாகத்தான் நடக்கும். முதலாவதைக் கழற்ற இரண்டாவதைக் கொஞ்சமாவது இறக்கியாக வேண்டும். ஆகவே இரண்டுக்குமான தமிழ்ச் சொற்களையும் சேர்த்தே முடிவு செய்யலாம். இதுவரை வந்த மடல்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> வெப்பநிலைப்பி என்று ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறதே. அதையே காருக்கும் வைத்துக்கொண்டால் என்ன?

இஸ்திரிப் பெட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் அது பொருந்தும், ஐயா. அங்கே இருப்பது மின்சாரத்தை வெட்டி, திரும்ப இணைக்கும் சுவிட்ச். காரில் இருப்பது வால்வு. இஞ்சினுக்கும், சூட்டைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டருக்கும் நடுவே, தண்ணீர் (அதாவது கூலன்ட்) போகும் வழியை மறித்து உட்கார்ந்திருக்கும். அதன் நடுவில் சின்ன உலோகக் குப்பி, அதற்குள் மெழுகு. சூடு மெழுகு முழுக்கச் சீக்கிரம் பரவுவதற்காகச் செப்புத்தூள் கலந்திருப்பார்கள். மெழுகு உருகும்போது பருத்து ஊசியைத் தள்ளும், தட்டு திறக்கும். ஆறியதும் மெழுகு சுருங்கிவிடும், ஸ்பிரிங் தட்டை இழுத்து மூடிவிடும். சாதாரண வண்டிகளில் இதற்கு மின்சாரமும் தேவையில்லை, கம்ப்யூட்டரும் தேவையில்லை. செர்ஜியஸ் வெர்னே என்ற பொறியாளர் 1930களில் உருவாக்கிய ஏற்பாடு இது. அதற்கு முன்பு சீக்கிரம் ஆவியாகும் திரவத்தை அடைத்த மடிப்புக் குழல்களை வைத்திருந்தார்கள். அவை சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கும் அசைந்துகொடுக்கும். மெழுகு அழுத்தத்தைக் கண்டுகொள்ளாது, சூட்டுக்கு மட்டுமே அசையும். 90 ஆண்டுகளாகியும் அதே மெழுகுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு இந்தச் சாமான் மேலேயே ஒரு மரியாதை உண்டு.

எத்தனை டிகிரியில் திறக்கும் என்பதை அதன் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். பல கார்களில் 82 அல்லது 88 என்று இருக்கும். அங்கிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுக்கத் திறந்துவிடும். அப்போதும் தட்டு எழும்புவது ஏறக்குறைய 8 மில்லிமீட்டர்தான்.

> நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று மெக்கானிக்குகள் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். இல்லாத பொருளுக்கு ஏன் இவ்வளவு விவாதம்?

இந்தக் கேள்விக்காகத்தான் சொல்லைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். இது இஞ்சினைக் குளிர வைக்கும் பொருள் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதன் முதல் வேலை மூடிக்கொண்டிருப்பது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டு, சீக்கிரம் சூடேற வைக்கிறது. இஞ்சினுக்கு அந்தச் சூடு தேவை. அது இல்லாவிட்டால், வண்டி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணி இஞ்சினின் கம்ப்யூட்டர் எரிபொருளை அதிகமாக விடும். ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகாமல் தங்கிவிடும். சிலிண்டர் தேய்மானமும் கூடும். பழுதைப் படித்துச் சொல்லும் ஓபிடி இணைப்புள்ள வண்டிகளில் பி0128 (P0128) என்ற பழுதுக் குறியீடு வருவது பெரும்பாலும் இதற்குத்தான்: தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது, இஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை என்று பொருள்.

வெயிலுக்கு நல்லது என்று கழற்றியதே வெயிலில் வண்டியைக் கொதிக்கவிடுவதும் உண்டு. பல இஞ்சின்களில் இதே சாமானின் பின்பக்கத் தட்டு, சூடேறியதும், ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் இஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை அடைக்கிறது. கழற்றிவிட்டால் அந்தக் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வரும். இதை மெக்கானிக் ஒருவரிடம் விளக்க வேண்டுமானால் 'வெப்பநிலைப்பி', 'வெப்பச்சீராக்கி' இரண்டும் உதவாது. எதை நிலைப்படுத்துகிறது, எப்படிச் சீராக்குகிறது என்று அந்தச் சொற்களில் ஒன்றும் இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: சூட்டுமதகு.

ஏரிக்கு மதகு இருப்பது தண்ணீரைத் திறந்துவிட மட்டும் அல்ல, தேக்கி வைக்கவும்தான். மதகைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஏரி நன்றாக இருக்கும் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். அணையில் ஷட்டர் திறந்தார்கள் என்றாலும் செய்தித்தாளில் 'மதகுகள் திறப்பு' என்றுதான் வருகிறது, எனவே பழக்கமில்லாத சொல்லும் அல்ல.

முதலில் 'மடை' என்ற சொல்தான் மனதில் வந்தது, அதுவும் அழகான சொல். ஆனால் வெப்பம் சேர்ந்தால் 'வெப்பமடை' ஆகிவிடும். புவி வெப்பமடைதல் பற்றித் தினமும் படிக்கிறவர்கள் அதை 'வெப்பம் அடை' என்றுதான் பிரிப்பார்கள். மூடி வைக்கும் வால்வுக்கு அந்தக் குழப்பம் ஆகாது. 'வெப்பமதகு' என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் சூட்டுமதகு என்று சொல்வதற்குக் காரணம், கூலன்டுக்கும் ரேடியேட்டருக்கும் கீழே நான் சொல்லும் இரண்டு சொற்களோடு ஒரே குடும்பமாக இருக்கும் என்பதுதான். 'சூடு' பேச்சு வழக்கு, கலைச்சொல்லுக்கு எடுபடாது என்று ஒரு மடலில் இருந்தது. சூட்டுக்கோல் என்று எழுதும் மொழியில் சூட்டுமதகு என்று எழுத என்ன தடை?

> கூலன்டுக்குக் குளிர்மி போதும். கூகிளில் தேடினாலே கிடைக்கிறதே.

குளிர்மிக்கு எனக்கு இரண்டு தடைகள். ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் ஓடும் வாயுவுக்கு அந்தச் சொல் இன்னும் பொருத்தம், உண்மையிலேயே குளிரை உண்டாக்குவது அதுதான். கூலன்ட் ஓடுவதோ 90 டிகிரியில். தொட்டால் கை வெந்துவிடும் பொருளைக் குளிர்மி என்று கையேட்டில் எழுத எனக்கு மனமில்லை. சூடான வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தில் கொட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கூலன்ட் செய்யும் வேலை, இஞ்சினிடம் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் போய்க் கொடுப்பது. ஒலியை வாங்குவதை ஒலிவாங்கி என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதே அச்சில் சூடுவாங்கி. ரேடியேட்டருக்கு வந்த 'கதிர்வீசி' எனக்கு உடன்பாடில்லை. அது சூட்டைக் கதிராக வீசுவது சொற்பம், பெரும்பகுதியைக் கடந்துபோகும் காற்றுதான் எடுத்துச் செல்கிறது. ஆங்கிலப் பெயரில் உள்ள பிழையை நாமும் சுமக்க வேண்டியதில்லை. அது சூடாற்றி. டீ ஆற்றுகிறவர் செய்வதும் இதே வேலை. இங்கேயும் 'வெப்பம்' கைகொடுக்காது: வெப்பம் + ஆற்றி என்றால் 'வெப்பமாற்றி' ஆகி, வேறொரு கருவியின் பெயராகிவிடும்.

கடைகளில் 'கூலன்ட் ஆயில்' என்று கேட்டு வாங்குவதையும் கையேடு திருத்த வேண்டும். அது ஆயிலே அல்ல. எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவம், தண்ணீர், துருப்பிடிக்காமல் காக்கும் மருந்துகள், நிறம், அவ்வளவுதான். நிறத்துக்குப் பொது விதி கிடையாது, எனவே பச்சையும் பச்சையும் ஒன்று என்று நம்பிக் கலந்துவிடக் கூடாது.

> டொரொன்டோவில் நாங்கள் ஆன்டிஃப்ரீஸ் என்கிறோம். தமிழ்நாட்டுக்கு உறைதடுப்பி என்ற சொல்லே வேண்டாமே?

வேண்டும், அக்கா, ஆனால் தனிச் சொல்லாக. உறைதடுப்பி என்பது கலக்காத கிளைக்கால் செறிவுக்கு. அதைத் தண்ணீரோடு சேர்த்தால் சூடுவாங்கி. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் 'ஒரிஜினலாக ஊற்றினால் இன்னும் நல்லது' என்று நினைத்துத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தனிக் கிளைக்கால் சுழியத்துக்குக் கீழே 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி கலந்தால் சுழியத்துக்குக் கீழே 37 வரை தாங்கும். சூட்டைச் சுமப்பதிலும் தண்ணீர்தான் கெட்டிக்காரன், கிளைக்கால் அதற்குக் குறைவு.

அப்புறம், தமிழ்நாட்டில் உறைபனியே இல்லை என்பதும் சரியல்ல. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்லில் வெள்ளையாகப் பனி படிந்து கிடக்கும். அதைவிட அங்கே கொதிநிலைதான் பெரிய விஷயம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். 88-இல் திறக்கத் தொடங்கும் மதகு முழுக்கத் திறப்பதற்குள் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகளைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் கிளைக்காலும்தான். சமவெளியில், மூடி ஒரு பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல) அளவு அழுத்தம் பிடித்து, கலவையும் பாதிக்குப் பாதி இருந்தால் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிப் போகும்.

சொற்கள் நிற்குமா என்பதை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கையேட்டுக்கு நான் எழுதியிருக்கும் வரைவு இது:

"இஞ்சின் முழுக்க ஆறிய பிறகு சூடாற்றியின் மூடியைத் திறக்கவும். அடியில் அகலமான தட்டு வைத்து, வடிகால் திருகைக் கழற்றிச் சூடுவாங்கியை இறக்கவும். இது விஷம், இனிப்பாகவும் இருக்கும். நாயோ பூனையோ நக்கிவிட்டால் சிறுநீரகம் போய்விடும், ஆகவே சாக்கடையிலோ தரையிலோ ஊற்றக் கூடாது. சூட்டுமதகு இருக்கும் கூட்டைப் பல வண்டிகளில் மேல் ஹோஸ் இஞ்சினோடு சேரும் இடத்தில் காணலாம், சிலவற்றில் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். போல்ட்டுகளைக் கழற்றி, பழைய கேஸ்கெட்டைக் கீறல் விழாமல் சுரண்டி எடுக்கவும். புதிய மதகின் ஸ்பிரிங் உள்ள பக்கம் இஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். விளிம்பில் ஆடும் சிறு ஊசி இருந்தால் அது மேலே வரட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். பூட்டும் முன் மதகை நூலில் கட்டிப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்கிப் பார்க்கவும். பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது.

"உறைதடுப்பியை டிஸ்டில்டு வாட்டரில் கலக்கவும். போர் தண்ணீர் ஊற்றினால் சூடாற்றியின் குழாய்களில் உப்புப் படியும். மெதுவாக நிரப்பி, மூடியைத் திறந்து வைத்தபடி, காருக்குள் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிடவும். குமிழி வருவது நிற்கும்வரை காத்திருக்கவும். மதகு திறந்ததும் அதுவரை குளிர்ந்திருந்த ஹோஸ் சட்டென்று சூடாகும், நிரப்பிய மட்டம் கொஞ்சம் இறங்கும். அந்த அளவை ஊற்றி மூடவும்."

என் காதுக்கு இந்த வரைவில் சூட்டுமதகும் சூடாற்றியும் தடங்கலில்லாமல் ஓடுகின்றன. இரண்டாவது முறை வெறும் 'மதகு' என்று சுருக்கியும் பொருள் கெடவில்லை, இது எனக்குப் பெரிய ஆதரவாகத் தெரிகிறது. சூடுவாங்கிதான் கொஞ்சம் புதிதாக ஒலிக்கிறது. 'சூடு வாங்கினான்' என்பதற்கு வேறு பொருளும் இருக்கிறதே என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. 'வெப்பவாங்கி' என்று மாற்றிக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை, குளிர்மி மட்டும் வேண்டாம்.

ஹோஸ், போல்ட், கேஸ்கெட், ஸ்பிரிங் ஆகியவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். அவை பட்டறையில் எல்லோருக்கும் புரிகின்றன, யாரையும் தவறான வேலை செய்ய வைப்பதும் இல்லை.

இலங்கை நண்பர்கள் அங்கே தொழில்நுட்பப் பாடங்களில் தெர்மோஸ்டாட், கூலன்ட், ரேடியேட்டர் மூன்றுக்கும் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். பட்டறை வைத்திருப்பவர்கள் இந்த வரைவை வேலை செய்யும் பையன்களிடம் வாசித்துக் காட்டி, எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறார்கள் என்று குறித்து அனுப்புங்கள். ரேடியேட்டர் மூடிக்கு இன்னும் சொல் இல்லை. 'அழுத்தமூடி' என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்குச் சம்மதம்.

அன்புடன்,
கையேட்டுக் குழுவிலிருந்து