மறு: பிடிஎச்ஆர்பி-க்குத் தமிழ்: ‘பங்காளிப் புரதம்’ சரிப்படுமா?

> ‘பாராதைராய்டு ஹார்மோன் தொடர்பான புரதம்’ என்றே வைத்துவிடலாம். எதற்கு வம்பு?

கோட்டையூர் அண்ணனுக்கு வணக்கம். நோயாளிகளுக்கான நம் கையேட்டில் பிடிஎச்ஆர்பி (PTHrP, parathyroid hormone-related protein) என்ற புரதத்துக்கு என்ன தமிழ்ப் பேர் வைப்பது என்பதுதானே பேச்சு. ‘தொடர்பான’ என்று போட்டால், கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிதான் இதையும் சுரக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார், அண்ணே. பால் கொடுக்கும் மார்பகம், நஞ்சுக்கொடி, வளரும் எலும்பின் நுனிக் குருத்தெலும்பு என்று பல இடங்களில் உண்டாகி, பெரும்பாலும் அங்கங்கேயே வேலை பார்ப்பது இது. புற்றுக்கட்டியே பாராதைராய்டு ஹார்மோன் மாதிரி ஒன்றைச் சுரக்கலாம் என்று 1941-லேயே அமெரிக்க மருத்துவர் ஆல்பிரைட் ஊகித்தார். புற்றணுக்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தது 1987-இல்தான்.

உறவு என்னவோ உண்மை. ஒரே மூதாதை மரபணு இரட்டித்துப் பிரிந்ததில் வந்தவை இரண்டும். மனிதரில் ஹார்மோனின் மரபணு 11-ஆம் குரோமோசோமில், இதனுடையது 12-இல். தொடக்கத்து 13 அமினோ அமிலங்களில் 8 இரண்டுக்கும் ஒன்றே. அதனால்தான் அணுவின் மேலிருந்து ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரே ஏற்பியில் இரண்டும் போய் உட்கார முடிகிறது. ஒரே வளவுக்குள் (வீட்டுக்குள்) தனி அடுப்பு வைத்துக்கொண்டவர்களை நம் பக்கம் என்ன சொல்வோம்? பங்காளி. என் வாக்கு ‘பங்காளிப் புரதம்’.

> ‘புற்றுவளர் புரதம்’ என்றால் நோயாளிக்குச் சட்டென்று விளங்குமே.

விளங்கும், ஆனால் தப்பாக. எலும்பில் இது செய்யும் கேடு பெரிதுதான். மார்பகப் புற்று எலும்பில் போய்த் தங்கினால், புற்றணுக்கள் இந்தப் புரதத்தை வெளிவிடுகின்றன. அது நேரே எலும்பை அரிப்பதில்லை. எலும்பாக்கும் அணுக்களைத் தூண்டி ‘ராங்க்-எல்’ (RANKL) என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கூட்ட வைக்கிறது. அதனால் எலும்பரிக்கும் அணுக்கள் பெருகுகின்றன. எலும்பு கரையும்போது அதற்குள் அடைந்து கிடந்த டிஜிஎஃப்-பீட்டா (TGF-β) என்ற வளர்ச்சிக் காரணி விடுபட்டுப் புற்றணுவையே உசுப்ப, அது இந்தப் புரதத்தை இன்னும் சுரக்கிறது. கட்டி வளர இடமும் கிடைக்கிறது, ஊட்டமும் கிடைக்கிறது. டெனோசுமாப் ஊசி ராங்க்-எல்லையும், சோலெட்ரானிக் அமிலம் எலும்பரிக்கும் அணுக்களையும் மறிப்பது இந்தச் சுற்றை அறுக்கத்தான்.

ஆனால் மார்பகத்திலிருக்கும் முதற்கட்டியில் இதே புரதம் காணப்பட்ட பெண்கள் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்ததாக ஆஸ்திரேலிய ஆய்வொன்று சொல்கிறது. வேறு மாதிரிச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இப்படி இடத்துக்கு இடம் குணம் மாறுவதற்குப் பேரிலேயே பழியை ஏற்றுவானேன்? கருவின் எலும்பு ஒழுங்காக வளர்வதற்கும் இதுதான் வேண்டும்.

காரைக்குடியிலிருந்து

———

காரைக்குடி ஆச்சிக்கு,

பிறப்பைச் சொல்கிறது, குணத்தைச் சொல்லவில்லை. அந்த வகையில் ‘பங்காளி’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு சங்கடம். மதுரைப் பக்கத்துப் பையன்கள் கூட்டாளியையே பங்காளி என்கிறார்கள். நம்மூரிலோ பங்காளி என்றதும் பாகத் தகராறு நினைவுக்கு வரும். எலும்பை அரிக்கும் கதையில் அது பொருத்தம்தான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். பரிசோதனைச் சீட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வராது. ‘தாயாதி’யும் யோசித்தேன், தகராறு அதிலும் உண்டு.

ஆகவே கையேட்டில் முதல் தடவை ‘பாராதைராய்டு ஹார்மோன் பங்காளிப் புரதம்’ என்று முழுதாக எழுதி, பக்கத்தில் ‘பிடிஎச்ஆர்பி’யும் போடலாம், சீட்டில் அந்த எழுத்துகள்தான் இருக்கும். பிறகு ‘பங்காளிப் புரதம்’ போதும். ஹார்மோனை ‘இயக்குநீர்’ ஆக்கச் சொல்லி யாரும் கிளம்ப வேண்டாம், பள்ளிப் புத்தகத்திலேயே ஹார்மோன்தான்.

ராங்க்-எல் அப்படியே இருக்கட்டும். ‘எலும்பரிக்கும் அணு’வைத்தான் ‘எலும்பரிப்பணு’ என்று சுருக்கலாமா என்று அண்ணன் சொல்லட்டும். கையேட்டில் அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

தேவகோட்டையிலிருந்து