மாருதி 800 இன்ஜினை சைடுகார் வண்டியில் ஏற்றலாமா?

கோத்தகிரிக்காரன்:
கொட்டகையில் பெரியப்பாவின் பழைய 350 புல்லட்டும், அதன் பக்கத்தில் மாட்டும் ஒற்றைச் சக்கரத் தொட்டியான சைடுகாரும் சும்மா கிடக்கின்றன. பக்கத்திலேயே ஒரு மாருதி 800, பாடி துருப்பிடித்துக் கொட்டிவிட்டது, இன்ஜின் மட்டும் இன்றும் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. 1960, 70களில் இங்கிலாந்தில் ஹில்மேன் இம்ப் கார் இன்ஜினை வைத்து சைடுகார் ரேஸ் ஓட்டினார்கள் என்று படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. அது 875 சிசி, இது 796. செய்யலாமா?

குன்னூர் பட்டறை:
இம்ப் இன்ஜினின் பூர்வீகம் தீயணைப்பு பம்பு தம்பி, ஆள் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும் என்று எடை குறைத்துச் செய்த வம்சம். காரிலேயே 45 டிகிரி சாய்த்துத்தான் வைத்திருந்தார்கள், அதனால் உயரம் கம்மி, தாழ்வான ஃபிரேமுக்கு அளவெடுத்தது மாதிரி. அப்போது சைடுகார் உலக சாம்பியன்ஷிப்பில் 500 சிசிதான் வரம்பு, அங்கே பிஎம்டபிள்யூ ராஜ்யம். இம்ப் ஓடியதெல்லாம் பெரிய சிசி உள்ளூர்ப் பந்தயங்களில். உன் தலைவலி கியர்பாக்ஸ். மாருதியில் கியர்பாக்ஸும், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூடு, அதைக் கழற்றிவிட்டால் வெறும் இன்ஜின்தான் மிஞ்சும். புல்லட் கியர்பாக்ஸ் 18 குதிரைசக்திக்குச் செய்தது, இதில் 37 வருகிறது. பல் உதிர்ந்துவிடும்.

ஊட்டி உருளை:
இன்ஜினை விடுங்க, முதலில் சைடுகாரை ஓட்டிப் பழகுங்க. நம் ஊரில் அது இடது பக்கம், இடது வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் அந்தச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் எனக்குத் தூக்கியது, காலி சைடுகார், ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போகிறது! பிரேக்கைப் பிடித்ததும் சக்கரம் தொப்பென்று விழுந்தது, கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம். அன்றிலிருந்து ஆள் இல்லாவிட்டால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றாமல் கிளம்புவதில்லை. ரேஸில் பக்கத்தில் தொங்குகிறாரே ஒருவர், அவர் வேலையும் இந்த மூட்டை வேலைதான், என்ன, அவர் பக்கம் மாறி மாறித் தொங்குவார்.

மேட்டுப்பாளையம் மாமா:
ரோட்டில் ஓட்டும் ஆசை வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, ஆர்டிஓ பக்கம் போகவே முடியாது. டிராக்கில் ஓட்டத்தான் என்றால் தனி ஃபிரேம் அடியுங்கள், கோயம்புத்தூர் லேத்காரர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். புல்லட்டை அறுத்துவிடாதீர்கள்.

கோத்தகிரிக்காரன்:
பெரியம்மாவும் அதையேதான் சொன்னார், "காரை என்ன வேணா பண்ணு, புல்லட்ல கை வச்சே…" என்று. சரி, தனி ஃபிரேம்தான். உருளை அண்ணே, மூட்டை எத்தனை கிலோ?

ஊட்டி உருளை:
நாற்பத்தைந்து. கயிறு போட்டுக் கட்டுங்க, உருண்டால் வம்பு.