க்ளூட்டன் இல்லாத மசாலா குக்கீஸ்: வடிவம் கலையாமல், நறநறப்பில்லாமல் சுடுவது எப்படி?

பட்டைக்கிராம்பு (கேள்வி)

வணக்கம். பண்டிகைக்குச் சுக்கு, பட்டை, கிராம்பு போட்டு வடிவ குக்கீஸ் சுட வேண்டும். சாப்பிடப்போகிறவர்களில் ஒருவருக்குச் சீலியாக் நோய் (க்ளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) இருப்பதால் கோதுமை, பார்லி, ரை எதுவும் கூடாது.

இருக்கும் செய்முறை மைதாவுக்கானது: மைதா 350 கிராம், வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) 120 கிராம், முட்டை 1, பேக்கிங் சோடா 1 டீஸ்பூன். மைதாவுக்குப் பதில் அதே எடைக்கு அரிசி மாவு போட்டால் நட்சத்திரத்தின் முனைகள் ஓவனில் மழுங்கிப் பரவிவிடுகின்றன. கடித்தால் பல்லில் நறநறக்கிறது. டிரேயிலிருந்து எடுக்கும்போதே உடைகிறது.

எந்தெந்த மாவை எந்த அளவில் கலக்க வேண்டும்? மாவைப் பிணைக்கும் பொடியான சாந்தன் கம் எவ்வளவு? செய்முறையில் வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்? ஒரு பகுதியை முட்டை இல்லாமலும் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுமனைக்கணக்கு

அரிசி மாவை மட்டும் வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. மைதாவில் இருக்கும் க்ளூட்டன், உருகும் வெண்ணெயையும் சர்க்கரைப் பாகையும் ஓரளவு பிடித்து நிறுத்துகிறது. அந்தப் பிணைப்பு போனதும் குக்கீ பரவுகிறது, ஆறிய பிறகும் உதிர்கிறது. நறநறப்புக்குக் காரணம் வேறு. அரிசித் துகள் கெட்டியானது, தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். குக்கீ மாவில் தண்ணீரே குறைவு. அதிலும் பெரும்பங்கைச் சர்க்கரை இழுத்துக்கொள்கிறது. துகள் ஊறாமலே ஓவனுக்குப் போனால் வெந்த பிறகும் பல்லில் தட்டும்.

உங்கள் அளவுக்கு நான் சொல்லும் கலவை:

நைஸ் அரிசி மாவு 180 கிராம்
வெள்ளைச் சோள மாவு (ஜோவார், மக்காச்சோளம் அல்ல) 60 கிராம்
மரவள்ளி ஸ்டார்ச் 60 கிராம்
உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 60 கிராம்
சாந்தன் கம் 1 டீஸ்பூன், தலைதட்டி (ஏறக்குறைய 3 கிராம்)

இதோடு சுக்குத்தூள் 2 டீஸ்பூன், பட்டைத்தூள் 1½ டீஸ்பூன், கிராம்புத்தூள் ¼ டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் ¼ டீஸ்பூன், உப்பு ¼ டீஸ்பூன், பேக்கிங் சோடா ¼ டீஸ்பூன். ஈரப் பொருட்களில் வெண்ணெய் 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், மொலாசஸ் 100 கிராம், முட்டை 1. 5 மில்லிமீட்டர் தடிமனில் 7 சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டினால் 30 வரை கிடைக்கும்.

வெண்ணெயைக் குறைத்ததற்குக் காரணம், இந்த மாவுகள் மைதா அளவுக்குக் கொழுப்பைத் தாங்காது. 115 கிராமிலேயே விட்டால் அடிப்பக்கம் எண்ணெய் கசியும், ஓரம் பரவும். சோடாவைக் குறைத்ததற்கு இரண்டு காரணங்கள். மொலாசஸின் புளிப்போடு சேர்ந்து அது வாயுவை விடும். குக்கீ எழும்பி, பிறகு அமுங்கி, முனைகள் மழுங்கும். அதிகமானால் சோப்பு வாடையும் வரும். கூர்மையான வடிவம்தான் நோக்கமென்றால் ¼ டீஸ்பூன் போதும், நிறம் சிவக்கவும் அது உதவும்.

மாவை எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு கப் அரிசி மாவு 150 கிராமுக்கு மேல் வரும். ஒரு கப் மரவள்ளி ஸ்டார்ச் 120 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். கப் கணக்கில் மாற்றினால் ஒவ்வொரு முறையும் வேறு மாவு கிடைக்கும்.

செய்முறை: உலர் பொருட்கள் எல்லாவற்றையும் சாந்தன் கம்மோடு சேர்த்து ஒரு நிமிடமாவது விஸ்கால் கலக்குங்கள். சாந்தன் கம் நேராக ஈரத்தில் விழுந்தால் கட்டி பிடிக்கும், பிறகு கரையாது. வெண்ணெய் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். விரல் வைத்தால் பதிய வேண்டும், பளபளக்கக் கூடாது. சர்க்கரையோடு ஒரு நிமிடம் மட்டும் அடியுங்கள். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுக்கும்வரை அடித்தால் உள்ளே காற்று ஏறி வடிவம் கெடும். முட்டை, மொலாசஸ் சேர்த்துக் கலந்து, உலர் மாவை இரண்டு தவணையாகப் போடுங்கள். மாவு கையில் லேசாக ஒட்டும். அந்த ஒட்டலைப் பார்த்து மேலும் மாவு போட்டுவிடாதீர்கள், ஊறியதும் இறுகும்.

இரண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவில் வைத்து 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேயுங்கள். மைதா குக்கீக்குச் செய்வதுபோல் 3 மில்லிமீட்டருக்குத் தேய்த்தால் மனித உருவக் குக்கீயின் கைகால்கள் உடையும். தேய்த்த மாவை அந்தப் பேப்பரோடே மூடி ஃபிரிட்ஜில் குறைந்தது 2 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும் வையுங்கள். நறநறப்பு போவது இந்த நேரத்தில்தான், இதைச் சுருக்க வழியில்லை. உருண்டையாக வைத்துக் குளிரவைப்பதைவிடத் தேய்த்து வைப்பது மேல். குளிர்ந்த உருண்டையைத் தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கும்.

குளிர்ந்த மாவுத் தகட்டில் கட்டரை அழுத்தி, சுற்றியுள்ள மாவை உரித்தெடுங்கள். வெட்டிய குக்கீயைக் கையால் தூக்க வேண்டாம், பேப்பரோடு டிரேக்கு மாற்றலாம். டிரேயை 15 நிமிடம் ஃபிரீசரில் வைத்துவிட்டு நேராக ஓவனுக்கு. 175 டிகிரி, விசிறி ஓவனானால் 160. 10 முதல் 12 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் விரல் வைத்தால் சற்று மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மொலாசஸ் போட்ட மாவில் நிறத்தை வைத்துப் பதம் கண்டுபிடிக்க முடியாது.

எடுத்தவுடன் தொடாதீர்கள். வெண்ணெயும் சர்க்கரையும் அப்போது இளகிய நிலையில் இருக்கும். டிரேயிலேயே 10 நிமிடம் ஆறினால்தான் இறுகும். எடுக்கும்போது உடைவதில் பெரும்பகுதி இந்த அவசரத்தால் வருவதுதான்.

மிஞ்சிய துண்டுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் சேர்த்துத் தேய்க்கலாம். மைதா மாவு இரண்டாம் முறையிலேயே இறுகி ரப்பராகும்; இதில் க்ளூட்டன் இல்லாததால் அந்தக் கவலை இல்லை. ஒட்டாமலிருக்க மாவு தூவாமல் பேப்பருக்கு நடுவிலேயே தேய்த்தால் போதும்.

உமிநீக்கி

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், சாந்தன் கம்மைத் தவிர. அது கொஞ்சம் கூடினாலும் குக்கீ சவசவவென்று ஆகிவிடும், சிலருக்கு வயிறும் உப்பும். இசப்கோல் (சைலியம் விதையின் உமி) நல்ல மாற்று. மேலே உள்ள 360 கிராம் மாவுக்குப் பொடித்த இசப்கோல் 5 கிராம், கூடவே பால் 1 மேசைக்கரண்டி. உமியை அப்படியே போட்டால் நார் நாராகத் தெரியும், மிக்ஸியில் நைசாகப் பொடிக்க வேண்டும். கலந்ததும் 20 நிமிடம் விட்டால் தண்ணீரை இழுத்து ஜெல்லாகி மாவை இறுக்கிவிடும், அதன் பிறகு தேய்க்கலாம். சில இசப்கோல் வெந்ததும் ஊதா நிறம் காட்டும். மொலாசஸின் கருமையில் அது தெரியாது.

உருளையாக உருட்டிக் குளிரவைத்து, வில்லைகளாக நறுக்கிச் சுடும் குக்கீக்கு இரண்டும் வேண்டாம், முட்டையே போதும். கட்டரால் வெட்டும் மெல்லிய கழுத்து, கால் உள்ள வடிவங்களுக்குத்தான் பிணைப்பு தேவை.

மாவு நைசா என்று பார்க்க ஒரு சிட்டிகையை இரு விரல்களுக்கு நடுவில் தேயுங்கள். துகள் தட்டுப்பட்டால் எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் குக்கீயில் அது தெரியும். சர்க்கரையையும் கவனியுங்கள். பருமனான பழுப்புச் சர்க்கரை கரையாமல் நின்று அதே நறநறப்பைத் தரும். பழியை மாவு சுமக்கும். பொடித்துப் போட்டால் தீர்ந்தது.

தனிக்கரண்டி

சீலியாக் என்று சொல்லியிருப்பதால் சுவைக்கு முன் இதைப் பேச வேண்டும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி க்ளூட்டன் இல்லாதது என்று குறிக்க, ஒரு கிலோ உணவில் க்ளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மிகச் சிறிய அளவு அது. கோதுமை மாவு பட்ட சல்லடையில் அரிசி மாவைச் சலித்தாலே தாண்டிவிட வாய்ப்புண்டு.

அரிசியில் இயல்பாகவே க்ளூட்டன் இல்லை. ஆனால் கோதுமையும் அரைக்கும் இயந்திரத்தில் அரைத்து வந்த அரிசி மாவு சீலியாக் உள்ளவருக்கு ஆகாது. சோள மாவுக்கும் ஸ்டார்ச்சுகளுக்கும் இதே விதி. க்ளூட்டன் இல்லை என்ற குறிப்போடு அடைத்து வருவதையே வாங்குங்கள். மசாலாத்தூளில் மாவு கலந்திருக்கலாம். பட்டை, கிராம்பு, சுக்கை முழுதாக வாங்கிச் சுத்தமான ஜாரில் பொடிப்பது பாதுகாப்பு, மணமும் கூடும். பேக்கிங் பவுடர் சேர்ப்பதாக இருந்தால் அதிலுள்ள ஸ்டார்ச் எதிலிருந்து வந்தது என்று லேபிளில் பாருங்கள். சிலவற்றில் கோதுமை ஸ்டார்ச் இருக்கும். ஓட்ஸ் மாவு சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய. தனியாகப் பயிரிட்டுப் பிரித்த, க்ளூட்டன் இல்லை என்று குறித்த ஓட்ஸ் மட்டுமே பரிசீலிக்கலாம். அதுவும் சீலியாக் உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், சாப்பிடுபவரைக் கேட்காமல் போடக் கூடாது.

மரக் கட்டை, மரப்பலகை, மரக்கரண்டி, கீறல் விழுந்த ஒட்டாத டிரே இவற்றில் பழைய மாவு தங்கும், கழுவினாலும் முழுதாகப் போகாது. சல்லடை புதிதாக இருக்கட்டும். டிரேக்கு எப்போதும் புது பேக்கிங் பேப்பர். அதே நாளில் மைதா குக்கீயும் செய்வதானால் க்ளூட்டன் இல்லாததை முதலில் முடித்து, மூடி எடுத்து வைத்த பிறகே மைதா பையைத் திறங்கள். மைதாத் தூசி வெகு நேரம் காற்றில் மிதந்து திறந்திருக்கும் எல்லாவற்றின் மேலும் படியும். விசிறி ஓவனில் இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டாம்.

சாப்பிடுபவருக்குச் சீலியாக் இல்லாமல் கோதுமை அலர்ஜி என்றால் இன்னொரு எச்சரிக்கை: க்ளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்த கலவைகளும் க்ளூட்டன் இல்லை என்ற பெயரில் வருகின்றன. அவை அலர்ஜிக்காரருக்கு ஆகா.

பட்டைக்கிராம்பு

மிக்க நன்றி, எல்லோருக்கும். சல்லடை, கட்டை இரண்டையும் புதிதாக வாங்கிவிடுகிறேன். இன்னும் சில கேள்விகள். ரெடிமேட் க்ளூட்டன் இல்லாத மாவுக் கலவையை வைத்து இதே அளவில் செய்யலாமா? மொலாசஸ் இல்லாவிட்டால் தேன் ஆகுமா? முட்டை இல்லாத பகுதிக்கு என்ன? மேலே ஐசிங் எப்போது போடுவது, எத்தனை நாள் தாங்கும்?

அடுமனைக்கணக்கு

ரெடிமேட் கலவை 360 கிராம் ஆகும். முதலில் பொருட்பட்டியலைப் படியுங்கள். சாந்தன் கம், குவார் கம், இசப்கோல் இதில் ஏதாவது ஏற்கெனவே இருந்தால் நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டு மடங்கு ஆனால் உமிநீக்கி சொன்ன அதே சவசவப்பு. ஸ்டார்ச்சே முதல் இரண்டு இடங்களிலும் இருக்கும் கலவை குக்கீக்கு நன்றாக வராது. வெளிறி, சாக்பீஸ் பதத்தில் உலரும். அப்படிப்பட்டதில் 60 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் சோள மாவோ பாதாம் மாவோ போட்டால் நிறமும் பதமும் திரும்பும். பாதாம் என்றால் கொட்டை அலர்ஜி யாருக்கும் இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன் 100 கிராம் அப்படியே போடலாம். ஆனால் தேன் சீக்கிரம் கருகும்; 165 டிகிரியில், 10 நிமிடத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். மொலாசஸின் லேசான கசப்பு போய்விடுவதால் மசாலா தட்டையாகத் தெரியும், சுக்கை இன்னும் ½ டீஸ்பூன் கூட்டலாம். மொலாசஸே கிடைத்தாலும் மிகக் கறுத்த, கடைசிக் காய்ச்சல் வகையைத் தவிர்த்துவிடுங்கள்; அதன் கசப்பு மசாலாவை அமுக்கிவிடும்.

முட்டைக்குப் பதில் பொடித்த ஆளிவிதை 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி. 10 நிமிடம் விட்டால் கொழகொழப்பாகும். ஆனால் முட்டையின் வெள்ளைக்கரு வெப்பத்தில் இறுகிக் குக்கீயைப் பிடித்து நிறுத்தும் வேலையை இது முழுதாகச் செய்யாது. அந்தப் பகுதிக்கு எளிய வடிவங்களை வைத்துக்கொள்ளுங்கள்: வட்டம், இதயம், அகன்ற நட்சத்திரம். மனித உருவம் வேண்டாம். 2 நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள்.

உமிநீக்கி

ஐசிங், குக்கீ முழுதாக ஆறிய பிறகுதான். சற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் உருகி வழியும். வெள்ளைக்கரு 30 கிராமுக்கு ஐசிங் சர்க்கரை 150 முதல் 200 கிராம். கோடு வரைய கெட்டியாக, பரப்புவதற்குச் சில துளி தண்ணீர் விட்டு இளக்கி. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி ஆபத்து இருப்பதால் பாஸ்ச்சரைஸ் செய்த வெள்ளைக்கரு அல்லது மெரிங் பவுடர் (உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி). ஐசிங் சர்க்கரையில் கட்டி பிடிக்காமலிருக்க ஸ்டார்ச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் மக்காச்சோளம்தான், ஆனாலும் லேபிள் பாருங்கள். அலங்காரத் தூவல்களுக்கும் இது பொருந்தும். முட்டை இல்லாத பகுதிக்கு ஐசிங் சர்க்கரையில் பாலோ எலுமிச்சைச் சாறோ துளித் துளியாக விட்டுக் குழைத்தால் போதும். ஐசிங் முழுதாகக் காய 6 மணி நேரமாவது விடுங்கள், அதுவரை அடுக்க வேண்டாம்.

காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். மொலாசஸ் ஈரத்தை இழுப்பதால் முதல் நாள் மொறுமொறுப்பு மூன்றாம் நாளுக்குள் மென்மையாகும், மசாலாவும் இரண்டாம் நாளில்தான் ஒன்றுகூடும். மொறுமொறுப்பே வேண்டுமென்றால் 150 டிகிரியில் 5 நிமிடம் மறுபடி சூடாக்கி ஆறவிடலாம், ஐசிங் போடுவதற்கு முன் மட்டும். முன்கூட்டியே வேலையை முடிக்க நினைத்தால் சுட்ட குக்கீயைவிட வெட்டிய பச்சை மாவை ஃபிரீசரில் அடுக்கி வைப்பது நல்லது. இடையிடையே பேப்பர் வைத்து, காற்றுப்படாமல் மூடினால் இரண்டு மாதம் இருக்கும். உருகவிடாமல் அப்படியே ஓவனில் வையுங்கள், நேரத்தை மட்டும் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் போதும்.