ஸ்கார்பரோவில் பழைய வீடு, முதல் குளிர்காலம்: என்னென்ன செய்துவைக்க வேண்டும்?

கரவெட்டிப் பெடியன்:

வணக்கம் எல்லாருக்கும். இந்தக் கோடையில்தான் ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பக்கம் ஒரு பழைய பங்களோ வாங்கிக் குடிவந்தோம். 1950களில் கட்டியது, கீழே பேஸ்மென்ட், வீட்டைச் சூடாக்கக் காஸ் பேர்னஸ். இதற்கு முன் கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருந்ததால் குளிர்காலம் என்றால் ஜக்கெற்றும் சப்பாத்தும் வாங்குவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும், மிச்சத்தை மனேஜ்மென்ட் பார்த்துக்கொள்ளும். இப்போது ஒக்டோபர் பாதி போய்விட்டது. அம்மாவின் அறையில் யன்னலுக்குக் கீழே கையை வைத்தால் காற்று சில்லென்று வருகிறது, அம்மா இப்பவே இரண்டு போர்வையோடு படுக்கிறா.

பக்கத்து வீட்டுக் கிழவர் நேற்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வெளித் தண்ணிக் குழாயைப் பூட்டிவிட்டாயா" என்று கேட்டார். எந்தக் குழாய், எங்கே பூட்டுவது என்று தெரியாமல் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று, டிசம்பர் கடைசியில் தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊருக்குப் போகிறோம், மூன்று கிழமை வீடு பூட்டிக் கிடக்கும். ஹீட்டிங்கை நிற்பாட்டிவிட்டுப் போனால் காசு மிச்சம் என்கிறார் மச்சான். யன்னல் முழுவதும் மாற்ற ஒருவர் 18 ஆயிரம் டொலர் கேட்கிறார், அதற்கு இப்போது வழியில்லை. எது அவசரம், எதைத் தள்ளிப்போடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேர்னஸ் அண்ணை:

தம்பி, மச்சான் சொன்னதை மட்டும் செய்யாதீர்கள். ஹீட்டிங் இல்லாமல் ஜனவரியில் பூட்டிய வீட்டில் குழாய்க்குள் நிற்கும் தண்ணி உறையும், உறைந்தால் ஒன்பது சதவீதம் வரை ஊதும், செம்புக் குழாயானாலும் பிளந்துவிடும். உறைந்து கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெயில் அடித்து இளகுகிற அன்றுதான் பேஸ்மென்ட் குளமாகும், அப்போது நீங்கள் கரவெட்டியில் பந்தியில் இருப்பீர்கள். ஹீட்டிங்கை 15, 16 பாகையில் விட்டுவிட்டுப் போங்கள். தண்ணி மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் வால்வைப் பூட்டி, வீட்டிலேயே ஆகக் கீழே இருக்கிற பைப்பைத் திறந்து வடியவிடுங்கள். அப்புறம் உங்கள் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து வாசியுங்கள். குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால் ஒருவர் தினமும் வந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணியைப் பூட்டி வடித்திருக்க வேண்டும் என்று பல பொலிசிகளில் எழுதியிருக்கும். வாசிக்காமல் போனால் கிளெய்ம் பண்ணும்போதுதான் தெரியவரும்.

இனி அந்த வெளிக் குழாய். முதலில் தோட்ட ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்டில், வெளியே பைப் இருக்கும் சுவருக்கு நேர் உட்பக்கம், கூரைப் பலகைகளுக்கு நடுவில் ஒரு வால்வு இருக்கும், பழைய வீடுகளில் அதைச் சீலிங் போட்டு மறைத்தும் விடுவார்கள். அதைப் பூட்டிவிட்டு வெளியே போய்ப் பைப்பைத் திறவுங்கள். திரும்பி உள்ளே வந்து பார்த்தால் வால்வின் பக்கவாட்டில் சின்னப் பித்தளை மூடி ஒன்று தெரியும். கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகுங்கள், ஒரு கோப்பைத் தண்ணி வடியும், பிறகு மூடியைத் திரும்பப் பூட்டலாம். வெளிப் பைப் மட்டும் குளிர்காலம் முழுக்கத் திறந்தபடியே கிடக்கட்டும். உறையாத பைப் என்று சொல்லி விற்பதைப் போட்டிருந்தாலும் ஹோஸ் கழற்றாவிட்டால் அதுவும் வெடிக்கும், வசந்தத்தில் இந்த வேலைக்கே எனக்கு நிறையப் போன் வரும்.

பேர்னஸுக்கு பில்ற்றரை மாற்றுங்கள், அதில் இருக்கும் அம்புக்குறி பேர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு அங்குல பில்ற்றர் என்றால் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புதுவகைப் பேர்னஸ் என்றால் வீட்டுப் பக்கச் சுவரால் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் பனி மூடிவிட்டால் நடுச்சாமத்தில் பேர்னஸ் நின்றுவிடும். ஆட்கள் மெஷின் பழுது என்று எங்களைக் கூப்பிடுவார்கள், நான் போய்ச் சவளால் பனியைத் தள்ளிவிட்டு வருவேன். (அதற்கும் காசு வாங்கத்தான் வேண்டும், என்ன செய்வது.) வருட சேர்விஸுக்கு டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிவு உள்ள ஆளையே கூப்பிடுங்கள்.

கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா? காஸ் பேர்னஸ் உள்ள வீட்டில் 2026 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும், படுக்கை அறைகளுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். அந்த நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

மார்க்கம் மாலாக்கா:

தம்பி, 18 ஆயிரத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். அம்மாவுக்குக் குளிருவது கண்ணாடியால் இல்லை, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள வெடிப்பால்தான் இருக்கும். நல்ல காற்றடிக்கிற நாளாகப் பார்த்து, பேர்னஸை நிற்பாட்டி, குசினி பான், பாத்ரூம் பான் என்று காற்றை வெளியே இழுக்கும் விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒரு சந்தனக்குச்சியைக் கொளுத்தி யன்னல் ஓரம், கதவுக்கீழ், வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பொயின்ற், அற்றிக் (கூரைக்குக் கீழே உள்ள பரண்) மூடி எல்லாவற்றிலும் காட்டிக்கொண்டு வாருங்கள். புகை நேரே போகாமல் வளைகிற இடத்தில்தான் காற்று நுழைகிறது. அங்கே மாஸ்கிங் ரேப்பால் ஒரு துண்டு ஒட்டிவிட்டுப் போங்கள், பிறகு ஒவ்வொன்றாக அடைக்கலாம். அசையாத வெடிப்புக்குக் கோக்கிங் என்கிற பசை, திறந்து மூடுகிற இடத்துக்கு வெதர்ஸ்ட்ரிப் என்கிற ஒட்டுப் பட்டி, கதவுக்குக் கீழே ரப்பர் பட்டி. பிளக்குக்குப் பின்னால் வைக்கிற நுரைத் துண்டுகளும் ஹார்ட்வெயார் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், வைக்க முதல் பிரேக்கரை நிற்பாட்டுங்கள். அம்மாவின் யன்னலுக்கு உட்பக்கம் பிளாஸ்ரிக் பிலிம் ஒட்டி ஹெயார் டிரையரால் சூடு காட்டினால் சுருக்கமில்லாமல் இழுத்துக்கொள்ளும், கண்ணாடி மாதிரியே தெரியும். கட்டிலையும் அந்தச் சுவரை விட்டு உள்ளுக்குத் தள்ளிப் போடுங்கள், காசே இல்லாத வைத்தியம்.

இப்படி எல்லாம் அடைத்த பிறகு ஒரு பிரச்சினை வரும், அதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் சமையல். காலையில் புட்டு அவித்து, மத்தியானம் சோறும் நாலு கறியும் வைத்தால் ஆவி முழுக்க யன்னலில் தண்ணியாக வடியும், மாசிக்குள் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். அடுப்பு மூட்டும்போதே குசினி விசிறியைப் போடுங்கள், இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும், அந்த விசிறி உண்மையில் வெளியேதான் ஊதுகிறதா என்றும் போய்ப் பாருங்கள், சில வீடுகளில் திரும்பக் குசினிக்குள்ளேயே ஊதும். ஈரப்பதம் காட்டுகிற மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள். வெளியே மைனஸ் 10 என்றால் உள்ளே 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது, அதைவிடக் குளிர்ந்தால் இன்னும் குறைக்க வேண்டும். தோல் காய்கிறது என்று ஹியுமிடிபயரை (ஈரப்பதம் கூட்டுகிற மெஷினை) முழுக்கத் திருகிவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரையும் சேர்த்து.

திருச்சி டு டொரன்டோ:

அக்காவும் அண்ணனும் முக்கால்வாசி சொல்லிட்டாங்க. நான் கூரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இலை கொட்டி முடிந்ததும் கூரை ஓரத்துப் பீலியைச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீர் இறங்குகிற குழாய் அஸ்திவாரத்தைவிட்டுத் தள்ளி ஊற்றுகிறதா என்றும் பாருங்கள். ஆனால் குளிர்காலத்தில் ஓரத்தில் தடிதடியாக ஐஸ் தொங்கினால் பீலியைக் குறை சொல்லாதீர்கள், தப்பு அட்டிக்கில் இருக்கிறது. வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரைப் பனியை உருக்கும், உருகிய தண்ணீர் குளிர்ந்த ஓரத்துக்கு வந்து திரும்ப உறைந்து அணை கட்டிக்கொள்ளும், பின்னால் வருகிற தண்ணீர் ஷிங்கிளுக்கு (கூரைத் தகடுகளுக்கு) அடியில் புகுந்து சீலிங்கில் இறங்கும். இப்போது கட்டுகிற வீடுகளுக்கு அட்டிக்கில் ஆர்-60 அளவுக்கு (ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு, கூடக்கூட நல்லது) இன்சுலேஷன் போடுகிறார்கள், 50களின் வீட்டில் அதில் பாதிகூட இருக்காது.

ஒரு எச்சரிக்கை: மூடியைத் திறந்து பார்க்கும்போது பளபளவென்று, சின்னக் கூழாங்கல் மாதிரி சாம்பல், பழுப்பு நிறத்தில் கிடந்தால் அது வெர்மிகுலைட் என்கிற பழைய வகை இன்சுலேஷன். பழைய வெர்மிகுலைட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கிளறாமல் மூடிவிட்டுப் பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போனால் காஸ் பர்னஸும் ஓடாது, பலர் இதை யோசிப்பதே இல்லை. 2013 டிசம்பர் ஐஸ் புயலில் டொரன்டோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது, சில இடங்களில் கிறிஸ்துமஸ் தாண்டியும் வரவில்லை. குளிருகிறதே என்று பார்பிக்யூவை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவரவே கூடாது. நடைபாதைக்கு வாங்குகிற சாதா உப்பு மைனஸ் 10க்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது, அதற்குக் கால்சியம் குளோரைடு பை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கரவெட்டிப் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. வால்வைக் கண்டுபிடித்துவிட்டேன், லோண்டறி அறைக்கு மேல் சீலிங்குக்குள் ஒளிந்திருந்தது. ஆனால் திருகினால் அசையவே இல்லை, பச்சை பிடித்து இறுகிக் கிடக்கிறது. பலமாகத் திருகலாமா? பேஸ்மென்டில் ஒரு மாணவரை வாடகைக்கு வைக்கிற யோசனையும் இருக்கிறது, அப்படியென்றால் நாங்கள் போகும்போது மெயினைப் பூட்ட முடியாதே?

பேர்னஸ் அண்ணை:

குறடு போட்டுத் திருகாதீர்கள். அது முறிந்தால் மெயினைப் பூட்டும்வரை தண்ணி நிற்காது. முதலில் மெயினைப் பூட்டிவிட்டு, கைப்பிடிக்குக் கீழே உள்ள நட்டை ஒரு கால் சுற்று இளக்கி, துருவுக்கு அடிக்கிற எண்ணெய் கொஞ்சம் விட்டு, ஒரு மணித்தியாலம் கழித்துக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வந்தால் நட்டைத் திரும்ப இறுக்கிவிடுங்கள். அப்படியும் வராவிட்டால் பிளம்பரைக் கூப்பிட்டுக் கால் திருப்பில் பூட்டுகிற போல் வால்வு போடச் சொல்லுங்கள், பெரிய வேலை இல்லை. ஆனால் நவம்பருக்குள் செய்யுங்கள், முதல் கடுங்குளிர் வந்துவிட்டால் ஒரு பிளம்பரும் போன் எடுக்க மாட்டான்.

மாணவர் இருந்தால் மெயினைப் பூட்டத் தேவையில்லை, ஆள் இருப்பதே பாதுகாப்பு. ஆனால் வாடகைக்குக் கொடுப்பதை இன்சூரன்ஸுக்கு முதலே சொல்லிவிடுங்கள். ஆள் இருக்கும் வீட்டை 16இல் விட்டுப் போகவும் முடியாது, ரொறன்ரோவில் வாடகைக்காரருக்குக் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை கொடுக்க வேண்டும் என்று மாநகரச் சட்டம் இருக்கிறது. மெயின் வால்வு எங்கே, எந்தப் பக்கம் திருகுவது என்று அவருக்குக் காட்டி, உங்கள் மச்சானின் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.