புதுப்பிப்பு: மீந்த சாத வடகம் ஏன் பொரிவதில்லை

மீந்த சாதத்தை வடகமாக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன்: 2 கப் சாதம், 3 பச்சை மிளகாய், 1 டீஸ்பூன் சீரகம், பெருங்காயம், உப்பு சேர்த்து அரைத்து, முறுக்கு அச்சில் பிழிந்து காயவைப்பது. "பொரியவில்லை, கல்லாகக் கடிபடுகிறது" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் காரணம் ஃபிரிட்ஜ் சாதம்தான். குளிரில் சோற்றுப்பருக்கை விறைத்துவிடும். அப்படியே மிக்ஸியில் போட்டால் நைசாக மசியாது, அந்தக் குருணைதான் பல்லில் படுவது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் 5 நிமிடம் ஆவி காட்டுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரையுங்கள். தண்ணீர் 2, 3 ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். மாவு அச்சில் தானாக ஒழுகக் கூடாது.

உப்பு அரை டீஸ்பூன் போதும். மாவில் சரியாக இருந்தால் காய்ந்தபின் கரிக்கும், அதனால் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஈரம். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். முதல் நாள் மாலையே திருப்பிப் போடுங்கள், நல்ல வெயிலில் 2, 3 நாள் ஆகும். ஒன்றை ஒடித்துப் பாருங்கள்: வளைந்தால் இன்னும் ஒரு நாள், டக்கென்று முறிந்தால் டப்பாவுக்குப் போகலாம்.

எண்ணெயில் ஒரு துணுக்கு போட்டதும் பொங்கி மேலே வர வேண்டும். சூடு போதாவிட்டால் எண்ணெய்தான் குடிக்கும்.

இரவு முழுக்க வெளியே கிடந்து பிசுபிசுத்த சாதத்தில் இதைச் செய்யவே வேண்டாம். வெயிலோ எண்ணெயோ அதைச் சரியாக்காது.