பதில்: ‘கிளட்ச் டிராக்’குக்குத் தமிழ்ச் சொல் (புதன்கிழமை வகுப்புக்கு அவசரம்)

தஞ்சாவூரிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குக் கிளட்ச் கோளாறு பற்றிக் கையேடு தரவேண்டும். பட்டறையில் நிற்கும் வண்டியே பாடம். 1.8 லிட்டர் டர்போ கார்; எஞ்சினை இறக்கிப் பிரித்து, புதுக் கிளட்ச் போட்டு ஏற்றியிருக்கிறோம். எஞ்சின் ஓடாதபோது எல்லா கியரும் வெண்ணெயாக விழுகிறது. ஸ்டார்ட் செய்துவிட்டால், பெடலை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் கரகரவென்று கத்துகிறது. மிதித்த பின்னும் கிளட்ச் தட்டு, எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தை விடுவதில்லை. இதுதான் டிராக். சிலிப் நேர் எதிர்: காலை எடுத்த பின்னும் பிடிக்காமல் ஆர்பிஎம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இரண்டுக்கும் சொல் தாருங்கள்.

கும்பகோணத்திலிருந்து:
நழுவல், இழுவை. அகராதியில் உள்ளவைதாம். முடிந்தது.

மன்னார்குடியிலிருந்து:
முடியலை ஐயா. சிலிப் ஆகிற வண்டியைக் கொண்டுவருகிறவர் “இழுவையே இல்லை தம்பி” என்றுதான் சொல்வார். நீங்கள் டிராக்குக்கு ‘இழுவைக் கோளாறு’ என்று எழுதினால், கிளட்ச் ஆயில் குழாயில் ஏர் எடுத்தால் சரியாகிற வண்டிக்குப் பையன் தட்டை மாற்றிவைப்பான். என் பட்டறையில் “கிளட்ச் விடலை” என்போம்.

திருவையாற்றிலிருந்து:
‘விடலை’ பாலைநிலத் தலைவன் பெயர், தம்பி! முதலில் கிளட்சுக்கே தமிழ் வேண்டும். ‘பற்றி’ எனலாம். வள்ளுவர் 350-ஆம் குறளில் ‘பற்று’ ஆறு முறை வருகிறது. பற்றுவதும் விடுவதும்தானே இக்கருவியின் தொழில்? அப்படியானால் டிராக் ‘விடாப்பற்று’.

மன்னார்குடியிலிருந்து:
‘பற்றி பற்றி ஒரு குறிப்பு’ என்று தலைப்பு வைப்பீர்களா ஐயா?

திருவாரூரிலிருந்து:
ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அதை யாரும் நீரியல் தடுப்பி என்று கூப்பிடவில்லை, முட்டுக்கட்டையும் போய்விடவில்லை. புளிய மரமா, வாகையா என்று முட்டுக்கட்டை பற்றி…

தஞ்சாவூரிலிருந்து:
தேரை நிலைக்குக் கொண்டுவாருங்கள் ஐயா. நாளை அச்சுக்குப் போகிறது. ‘விடாப்பிடி’ எப்படி? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், செல்லாக்காசு போல. கேட்டதும் புரிகிறது. சிலிப்புக்கு ‘பிடிநழுவல்’.

கும்பகோணத்திலிருந்து:
விடாப்பிடி நல்ல குணம், பழுதன்று. என் மறுப்பைப் பதிவு செய்க.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:
‘ஏர் எடுத்தல்’ இன்னும் பெரிய சிக்கல். பம்புசெட் ஏர் எடுக்கிறது என்றால் காற்றை உள்ளே இழுக்கிறது. மெக்கானிக் ஏர் எடுக்கிறார் என்றால் வெளியேற்றுகிறார். உழவனுக்கு ஏர் கலப்பை வேறு! வடிகால் வெட்டிப் பழகியவர்கள் நாம். ‘காற்று வடித்தல்’ என்போமே?

மன்னார்குடியிலிருந்து:
நல்லாயிருக்கு. ஆனால் வண்டி?

தஞ்சாவூரிலிருந்து:
காற்று வடித்தோம். பெடல் கெட்டியானது, ரிவர்ஸ் கத்தல் நிற்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கினால், தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். தட்டின் நடுக்குடம் (ஹப்) ஃபிளைவீல் போல்ட்டில் உரசிய தடம் தெரிகிறது. ஆறு பேரில் நான்கு பேர் ஒப்புக்கொண்டதால் ‘விடாப்பிடி’ என்றே அச்சாகிவிட்டது. மாணவர்கள் அதைப் படித்துவிட்டு, “சார், கிளட்ச் விடலை” என்கிறார்கள்.

திருவையாற்றிலிருந்து:
கையேடு கண்டேன். மூன்றாம் பக்கத்தில் ‘விடாபிடி’ என்றிருக்கிறது. ப் எங்கே?